சன்னலோரச் சக்களத்தி

ஓர் இலை உதிர்ந்தாலும் இரங்கல் கூட்டம் கூட்டிவிடக்கூடிய இந்த இல்லத்தோட்டச் சங்கத்தின் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, நகக்கண்ணில் ஒட்டிய மண்ணோடு நேரே வந்து அமர்ந்திருக்கும் நண்பர்களே, கணவன்மார் வாங்கிக் குவிக்கும் தொட்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டுச் சொந்த வீட்டிலேயே சுவரோடு சுவராக நடக்கப் பழகிவிட்ட தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த ஆண்டின் சிறந்த தோட்டக்காரர் என்று என் கணவருக்குக் கேடயம் தந்தீர்கள். துணைவியார் இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசுவார் என்றும் அறிவித்தீர்கள். வாழ்த்த வந்தேன் என்றால் அது பொய். நான் பொறாமையோடு வந்திருக்கிறேன். கைதட்ட வேண்டாம், யார்மீது பொறாமை என்று இன்னும் சொல்லவில்லையே.

ஒரு பெரணிச் செடியின்மீது.

சிரிக்கிறீர்கள். தர்க்கவியல் கற்று, தர்க்கவியலையே கற்பித்து, ஓய்வுபெற்றவள் நான். செடியைப் பார்த்துப் பொறாமைப்படுவது அறிவுக்குப் பொருந்துமா என்று என்னை நானே கேட்காமல் இருப்பேனா? கேட்டேன். பொருந்தாது என்று விடையும் வந்தது. விடை வந்ததே தவிரப் பொறாமை போகவில்லை.

என் கணவர் பல் மருத்துவர் என்பதை அறிவீர்கள். வாயைத் திறந்தபடி, பதில் சொல்ல வழியின்றிப் படுத்திருப்பவர்களிடமே வாழ்நாளெல்லாம் பேசிப் பழகியவர். ஓய்வுபெற்ற பின் அவர் யாரிடம் பேசுவார்? வீட்டில் நான் இருந்தேன். ஆனால் நான் பதில் பேசுவேன். ஆகவே செடி வாங்கினார். கூடத்தில் மணிபிளான்ட், குளியலறைச் சன்னலில் பெரணி, குளிர்பதனப் பெட்டியின் தலைமேல் கற்றாழை. பல்லின் பின்புறம் பார்த்த சின்னக் கண்ணாடியை இப்போது இலையின் அடிப்புறம் நீட்டி மாவுப்பூச்சி தேடுகிறார். மெத்தென்ற பல்துலக்கியால் தண்டின் இடுக்குகளைத் துலக்குகிறார். என் பல்லை அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை.

சென்ற மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல். வாசற்படியில் நின்று, "மாத்திரை போட்டியா?" என்றார். "போட்டேன்" என்றேன். விசாரணை முடிந்தது. அடுத்த நொடி குளியலறையிலிருந்து குழைந்து வருகிறது ஒரு குரல்: "என்ன ராஜாத்தி, முகமே சரியில்லையே? நேத்து வெயில் பட்டுடுச்சா? இரு கண்ணு, இடம் மாத்தி வைக்கிறேன்."

கட்டிலில் கிடந்து அதைக் கேட்டவளுக்குக் காய்ச்சல் ஏறுமா, இறங்குமா?

அதோ, மறுத்துத் தலையாட்டுகிறார். என்ன சொல்கிறீர்கள்? "ராஜாத்தின்னு சொல்லலை, செல்லம்னுதான் சொன்னேன்" என்கிறார். திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

பூமியில்தான் இந்தப் பைத்தியம் என்று எண்ணியிருந்தேன். விண்கலத்துக்கு விதை அனுப்பும் ஆய்வுக்கூடத்தில் எங்கள் மகள் வேலை பார்க்கிறாள். விண்வெளியில் மேல் என்பதும் இல்லை, கீழ் என்பதும் இல்லை. வேர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தேடும். தண்ணீர் கொட்டாது, குமிழாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் விதையைத் துணித் தலையணைக்குள் தைத்து, சிவப்பு விளக்கின் கீழ் வளர்க்கிறார்கள். அங்கே விண்வெளி வீரர் ஒருவருடைய முறையில் இன்னொரு வீரர் முந்திப்போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டாராம். "அம்மா, ரெண்டு பேரும் எவ்வளவு படிச்சவங்க தெரியுமா? ஒரு கீரைக்காக மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத் திரியறாங்க" என்றாள் மகள். எத்தனை உயரம் போனாலும் பொறாமைக்கு மட்டும் எடை குறைவதே இல்லை.

இப்போது வழக்குக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் தொட்டி நுழையாத அறை ஒன்றே ஒன்று. கிழக்குச் சன்னல், ஒரு மேசை, ஒரு சாய்வு நாற்காலி, நான். இன்று இந்த மண்டபத்தின் வாசலில், மருந்துக்கடை வைத்திருக்கும் உங்கள் செயலாளர் என்னை நிறுத்திச் சொன்னார்: "அம்மா, உங்களுக்குப் பெரிய மனசு. படிக்கிற ரூமையே சங்கத்துக்குக் குடுத்துட்டீங்களாமே. விண்வெளியில மாதிரியே சிவப்பு விளக்குல கீரை வளர்க்க, அடுத்த வாரமே விளக்கு மாட்டிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

என் பெரிய மனத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டது அப்போதுதான். பெரணியை நகர்த்தும்போது பெரணியிடம் சொல்லிவிட்டு நகர்த்துகிறவர், என்னை நகர்த்த என்னிடம் ஒரு சொல் சொன்னாரா?

அறை கிடையாது என்று அறிவிக்கவே இந்த ஒலிவாங்கியைத் தேடி வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் அவர் பேசினார். "சுருண்டிருந்த இலை விரிஞ்சிருக்குமான்னு பாக்கணும். அதுக்காகவே சீக்கிரம் விடியக்கூடாதான்னு இருக்கும்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. விடிந்தால் எனக்கு என்ன இருக்கிறது? நேற்று படித்து நிறுத்திய பக்கத்தில் நேற்று நிறுத்திய வரியே இருக்கிறது. எந்தப் புத்தகமாவது இரவோடு இரவாக ஒரு வரி வளர்ந்திருக்கிறதா?

அப்போதுதான் புரிந்தது, நான் எதற்காக வெந்துகொண்டிருந்தேன் என்று. ராஜாத்தி என்ற சொல்லுக்காகவா? அதை அந்தப் பெரணியே வைத்துக்கொள்ளட்டும். கொஞ்சலுக்காகவா? இந்த வயதில் கொஞ்சினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். சமையலறைத் தகர டப்பாவில் வளர்த்தாலும் சரி, சன்னல் விளிம்பில் வளர்த்தாலும் சரி, சூரியனைச் சுற்றிவரும் பூமியையே சுற்றிவரும் கலத்தில் வளர்த்தாலும் சரி, செடி வளர்ப்பவருக்கு நாளை என்று ஒன்று நிச்சயமாக இருக்கிறது. தளிர் வரும் நாளை, தண்டு நிமிரும் நாளை, தவறிப்போனால் மறுபடி தொடங்கும் நாளை. ஒரே வீட்டில் இருவர். நாளை முழுவதும் ஒருவருக்கே என்றால் அது என்ன நியாயம்?

ஆகவே, சங்கத்தாரே, அறையைத் தருகிறேன். நாற்காலி நகராது. விதை வைப்பவள் நான். தண்ணீர் கொடுப்பவள் நான். விளக்கைப் போடுவதும் அணைப்பதும் நான். சாவி என்னிடம் இருக்கும். பல் மருத்துவர் உள்ளே வர விரும்பினால் முன்பதிவு செய்துகொண்டு வரலாம்.

எழுந்துவிட்டார். "உனக்குப் பழக்கமில்லை, தண்ணியை அதிகமா ஊத்திடுவ. காலையில ஒரே ஒரு தடவை நான் எட்டிப் பாத்துக்கறேனே" என்கிறார்.

பெரியோர்களே, தாய்மார்களே, இந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இதுவரை இந்தப் பொறாமை முகம் என்னிடம் மட்டுமே இருந்தது. இன்று அதை அவருக்கும் வாங்கித் தந்த சங்கத்துக்கும், வாசலிலேயே உண்மையைக் கொட்டிவிட்ட செயலாளருக்கும் நன்றி கூறி, விதை வாங்கக் கடை மூடுமுன் போகவேண்டியிருப்பதால் விடைபெறுகிறேன். வணக்கம்.