‘எம்’ முதல் ‘இசட்’ வரை

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு அத்தான் போன் செய்தபோது நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். அரிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் ஓர் அகராதி. பத்தொன்பது வருடம் இருவரும் சேர்ந்து எழுதினோம். ‘ஏ’ முதல் ‘எல்’ வரை அவர். ‘எம்’ முதல் ‘இசட்’ வரை நான். குளிர்கால வெயிலின் இதத்துக்கு ஒரு சொல் உண்டு, ஆப்ரிசிட்டி. அது அவருடையது. இலைகளில் காற்று எழுப்பும் ஓசை, சித்யூரிஸம், என்னுடையது. ஒருவர் பங்கை மற்றவர் சரிபார்ப்பதில்லை. சந்தேகம் வந்தால் கேட்போம். சொன்னதை நம்புவோம்.

போன மாதம் புத்தகம் வந்தது. முகப்பில் அவர் பெயர் மட்டும். முன்னுரையில் பதினொரு பேருக்கு நன்றி, பைண்டர் உட்பட. நான் இல்லை. கேட்டேன்.

“குடும்பத்துக்குள்ள என்னடா நன்றி? காபி ஆறுது, குடி.”

குடித்தேன்.

ரத்தம் உறையாமலிருக்க அவருக்குப் புது மாத்திரை கொடுத்திருந்தார்கள். பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத் தாளைப் போனில் வாசித்தார்.

“மெலினா இருந்தா மாத்திரைய நிறுத்திட்டு உடனே டாக்டரப் பாருன்னு போட்டிருக்கான். அது என்னடா மெலினா? ‘எம்’ உன் ஏரியா ஆச்சே.”

“கண்ணு மஞ்சளாகுறது, அத்தான்.”

“அப்ப அது இல்ல. ரெண்டு நாளா வெளிக்குப் போனா கறுப்பா வருது, தார் மாதிரி.”

“புது மாத்திரைதானே. அப்படித்தான் இருக்கும்.”

“வீட்டுல நீ ஒருத்தன் இருந்தா டிக்‌ஷனரியே வேண்டாம்டா.”

வயிற்றுக்குள் கசியும் ரத்தத்தால் மலம் தார்போல் கறுப்பது மெலினா. அந்தக் குறிப்பை எழுதியவன் நான். முந்நூற்று நாற்பத்தேழாம் பக்கம். புத்தகம் அவர் மேஜைமேல்தான் இருந்தது. தன் பெயர் போட்ட புத்தகத்தை ஒரு மனிதர் ஒருமுறையாவது வாசித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் இறந்தார்.

நான் அவரைத் தொடவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: தெரிந்தே தவறான பொருள் சொன்னது என் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். அதுவும் அச்சில் ஏறவில்லை.

எல்லோரும் போன பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாத்திரைத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் கெஞ்சினேன்டா. ‘உன் தம்பியக் கேட்டுட்டேன், பயப்பட ஒண்ணுமில்ல’ன்னாரு. நீ என்ன சொன்னே?”