எங்களை முந்திய சக்கரம்

போன் அடிக்கிறது. அக்காவாகத்தான் இருக்கும். எடுத்ததும் அழுவாள். அவள் அழுதால் நான் சிரித்துவிடுவேன். சிரித்தால், எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவே கட்டிவிடுவாள். முதலில் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். மற்றதை அப்புறம். மற்றதை எப்படிச் சொல்வது?

ஹலோ... அக்கா... நான்தான்க்கா, நானேதான்... ஆமா, ஆமா, உயிரோடதான் பேசறேன். செத்துட்டா போன் எடுப்பேனா?... சரி சரி, அந்த வார்த்தை சொல்லல.

...அடியெல்லாம் இல்ல. முழங்கால்ல ஒரு சிராய்ப்பு. அதுவும் இறங்கி வர்றப்ப ஏணியில பட்டது... உன் கொழுந்தனும் நல்லா இருக்கார். அதோ, கண்ணாடிக் கதவுகிட்ட நின்னு ஆபீசுக்குப் பேசிட்டு இருக்கார். சட்டைகூட கசங்கல!

...இங்கயேதான், ஏர்போர்ட் வெயிட்டிங் ஹால்ல. ஆளுக்கு ஒரு போர்வை குடுத்திருக்காங்க. வெளிய வெயில் கொளுத்துது, நாங்க போர்த்திக்கிட்டு உக்காந்திருக்கோம். வேண்டாம்னு சொன்னா, குடுக்கிற பொண்ணுக்கு முகம் வாடிடுதுக்கா.

டிவியிலயா?... நொறுங்கி விழுந்துச்சுன்னா சொல்றான்? ஐயோ, நொறுங்கவெல்லாம் இல்ல. தரையில தொப்புனு இறங்குச்சு, அவ்ளோதான்... சொல்றேன், நீ நடுவுல பேசாதே.

சின்ன விமானம்க்கா, மினி பஸ் மாதிரி. குனிஞ்சுதான் நடக்கணும். பைலட்டோட பின்னங்கழுத்து தெரியும். தரைகிட்ட வர்ற வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு. திடீர்னு யாரோ கை நழுவவிட்ட மாதிரி... தொப்! எகிறி மறுபடியும் தொப்!... ஆமா, பல்லெல்லாம் ஆடிப்போச்சு. ஒரு பக்கமா சாஞ்சு புல்லுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போகுது. ஜன்னல்ல பாக்கறேன், ஒரு சக்கரம் தனியா உருண்டு வருது. எங்க சக்கரம்! ஏதோ அவசர வேலை இருக்கிற மாதிரி எங்களையே முந்திக்கிட்டுப் போயிடுச்சு...

பாத்தியா, நீயும் சிரிக்கிற!... இன்னும் கேளு. விமானம் நின்னதும் பைலட் மைக்கைப் பிடிச்சு, "பயணிகள் மன்னிக்கணும்"ங்கறார். கை நீட்டினா தொடற தூரம். திரும்பிச் சொல்லக் கூடாதா?... நான் சிரிச்சேன் பாரு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. முன்சீட்டு அம்மா முறைக்கப் போறாங்கன்னு நினைச்சேன், அவங்களும் ஆரம்பிச்சுட்டாங்க.

...யாரு, அவரா?... இல்ல. அவர் சிரிக்கல.

...ஆமா, ஆமா, என்னை நல்லாத்தான் பாத்துக்கிட்டார். பெல்ட்டைக் கழட்டிவிட்டார். கையைப் பிடிச்சு இறக்கினார். டீ வாங்கிக் குடுத்தார்... குறை சொல்றேனா நான்? ரெண்டு பேரும் பேசிப் பழகட்டும்னு பக்கத்துப் பக்கத்து சீட்டாப் போட்டது நீதானே. பழகியாச்சு!

...யாரு அது, உன் மாமியார் குரலா? ஸ்பீக்கர்லயா போட்டிருக்க?... அடிப்பாவி. எடு முதல்ல.

...என்னங்கறாங்க? ஒண்ணா உயிர் பிழைச்சதே பொருத்தமாமா? அப்படிப் பாத்தா அந்த பைலட்டையும் நான் கட்டிக்கணும்... சரி, சிரிக்கல. சொல்லு.

...கல்யாணத்துக்குச் சரின்னு இப்பவே சொல்லணுமா? போன்லயா?... அக்கா, கொஞ்சம் தள்ளி வா. தனியா... வந்துட்டியா?

நான் சிரிச்சப்ப அவர் காதுகிட்ட வந்து, "சிரிக்காதீங்க, எல்லாரும் பாக்கறாங்க"ன்னார்... மெதுவாத்தான். மரியாதையாத்தான். அப்புறம் சுத்தி இருந்தவங்ககிட்ட, "தப்பா நினைக்காதீங்க, அதிர்ச்சியில இப்படிப் பண்றாங்க"ன்னு எனக்காக மன்னிப்பும் கேட்டார்.

...சின்ன விஷயம்தான். எந்த ஆம்பளையும் சொல்றதுதான். ஆமா. அவர் மேல எனக்குக் கோபமே இல்லக்கா. நான் நிறுத்திட்டேன் பாரு, அதைத்தான் சொல்ல வர்றேன். சுவிட்சை அணைச்ச மாதிரி டக்குனு. கையால வாயை வேற பொத்திக்கிட்டேன். விமானம் எகிறினப்பகூட வராத பயம் அப்பத்தான் வந்துச்சு. யாரும் அதட்டல, மிரட்டல... எவ்ளோ சுலபமா நிறுத்திட்டேன்!

...ஆமாக்கா, அதனாலதான் கல்யாணத்துக்குச் சரின்னு சொல்ல முடியல.

...தெரியும். அந்த வீட்டுல உனக்குத்தான் பேச்சு விழும். உன் தங்கச்சிக்கு என் பிள்ளை போதலையாம்மான்னு கேப்பாங்க. அடுப்படியில நீ ஒத்தையா நின்னு கேட்டுக்கணும். அதான்க்கா இவ்ளோ நேரம் சொல்லல. உனக்காகன்னா எதையும் செய்வேன், உனக்கே தெரியும்...

...பார்க்கலாம்னு மட்டுமா? அதுகூட வேண்டாம்க்கா. அவங்க அதைச் சரின்னுதான் எடுத்துக்குவாங்க. போகப் போக நானும் அப்படியே எடுத்துக்குவேன்... அழாதே. மூக்கைத் துடை. போனை அவங்ககிட்ட குடு, நானே சொல்றேன். நீ சொன்னதா இருக்க வேண்டாம்.

...அத்தை? நல்லா இருக்கேன் அத்தை. ஒரு அடியும் இல்ல... ஆமா, ஆமா, உங்க பிள்ளையும் நல்லா இருக்கார். தங்கமானவர் அத்தை. பஸ் ஏற்பாடு பண்றாங்களாம், சாயங்காலத்துக்குள்ள வந்துடுவோம்... சாப்பிடறேன், உங்க கையால எது போட்டாலும் சாப்பிடறேன்.

...இல்ல அத்தை. இந்தக் கல்யாணம் மட்டும் வேண்டாம்.

...அவர்கிட்டயும் நானே சொல்லிடறேன். அக்காவுக்கு இது தெரியாது, அவளை ஒண்ணும் கேக்காதீங்க.

...வந்ததும் உக்காந்து பேசிக்கலாமா?... வர்றேன் அத்தை, பேசறேன், ராத்திரி தங்கவும் தங்கறேன்.

...ஆனா வேண்டாம் அத்தை.