சைமனின் கட்டிங் பிளேயர்

தெர்மாகோலைப் பெயிண்ட் தின்னரில் கரைக்கிறவர்கள் முதலில் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். கொடைக்கானல் குளிரில் யாருக்கும் அதற்கு மனம் வராது. கதவைச் சாத்திவிட்டு, காலடியில் கரி அடுப்பையும் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். தின்னர் ஆவி தலையைக் கிறுகிறுக்க வைக்கும், நெருப்பைக் கண்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். நான் அந்த மாதிரி அரைகுறை ஆள் இல்லை. கைக்கு உறை, முகத்துக்கு மாஸ்க், பக்கத்தில் ஒரு வாளி மணல். என் ஷெட்டில் இதுவரை யாருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. அதை நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் பெயர் அருளப்பன். அட்டுவம்பட்டியில் இருக்கிறேன். பள்ளிக்கூட ஒர்க்‌ஷாப்பில் பிள்ளைகளுக்கு வேலை கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மனைவி தெரசம்மாள் செத்துப்போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாமல் போயிற்று. காட்டேஜ்காரர்கள் டி.வி. வாங்கிவிட்டு வெளியே எறியும் தெர்மாகோலைப் பொறுக்கிவந்து கரைத்தேன். கூழ் மாதிரி வரும். சாயப்பொடி கலந்து, கத்தரிக்கோல், மண்வெட்டிப் பிடியெல்லாம் முக்கி எடுத்தால் மூடுபனியிலும் துரு ஏறாது. தோட்டக்காரர்கள் தேடி வந்தார்கள். ஆனால் ஒருமுறை வந்தவர்கள் மறுபடி வரவில்லை. பூச்சு அவ்வளவு கெட்டி. நன்றாக வேலை செய்தால் ஆள் திரும்பி வரமாட்டான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தச் சமயத்தில்தான் சைமன் வந்தான். காட்டேஜ்களுக்கெல்லாம் அவன்தான் எலெக்ட்ரீஷியன். கட்டிங் பிளேயரின் பிடியுறை கிழிந்துபோய், அதன்மேல் டேப் சுற்றி வைத்திருந்தான். பூசிக் கொடுத்தேன். காய்கிற வரைக்கும் உட்கார்ந்து பேசினான். மனுஷன் வாய் மூடமாட்டான். எந்த ரூமில் எந்த ஊர்க்காரர்கள் சண்டை போட்டார்கள், தன் பெண்டாட்டி ஜென்சி எதற்குக் கோபித்துக்கொண்டாள், எல்லாம் சொன்னான். அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

பூச்சு சரியில்லை, சுரண்டிவிட்டு மறுபடி போடுகிறேன் என்று அவனை வரச்சொல்லி, அந்தத் தடவை கூழில் தின்னரைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன். பூச்சு வெங்காயத் தோல் மாதிரி ஆகும், சீக்கிரம் உரிந்துவிடும். உரிந்தது. அவனும் வந்தான்.

"அண்ணே, மறுபடி பேந்துபோச்சுண்ணே."

"இந்தப் பனிக்கு எதுப்பா நிக்கும். வச்சிட்டு உக்காரு, டீ போடுறேன்."

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. என் வாழ்நாளில் நல்ல வருஷம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஆடி மாதம் ஒரு நாள் புது பிளேயரோடு வந்தான். பிடியில் தடிமனான சிவப்பு உறை.

"ஜென்சி திண்டுக்கல்லுல வாங்கிட்டு வந்தாண்ணே. ஆயிரம் வோல்ட் தாங்குமாம். இனி உங்களுக்கும் சோலி மிச்சம்."

நல்ல மனதோடுதான் சொன்னான். உறை உரியாவிட்டால் அப்புறம் அவன் எதற்கு வருவான். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். உறை மழையில் வழுக்கும், கழற்றிவிட்டு நம் பூச்சையே போட்டுவிடலாம் என்றேன்.

"கம்பெனிக்காரன் போட்டதாச்சேண்ணே."

"கம்பெனிக்காரனுக்கு நம்மூரு மழையத் தெரியுமா?"

சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டான். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. பிளேடால் உறை இரண்டையும் அறுத்து எடுத்தேன். அதே சிவப்பில் சாயம் கலந்து, மெல்லிசாகப் பூசினேன். அந்தப் பூச்சு துருவைத் தடுக்கும், கரண்டுக்கு அதை நம்ப முடியாது. விரிசல் விட்டால் ஈரக் கைக்கும் இரும்புக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தை எடுத்தவனே நான்தான்.

அந்தச் சனிக்கிழமை வடகவுஞ்சியில் ஒரு காட்டேஜில் ரூம் எல்லாம் நிறைந்திருந்தது. கெஸ்ட் இருக்கும்போது மெயினை அணைக்கக் கூடாது என்று ஓனர் சொல்லிவிட்டாராம். மழை வேறு. சைமன் அப்படியே வேலை பார்த்திருக்கிறான். கரண்ட் அடித்து விழுந்தபோது பிளேயர் கையிலேயே இருந்தது என்றார்கள். ஊரெல்லாம் ஓனரைத் திட்டியது. நானும் திட்டினேன். மெயினை அணைத்திருந்தால் சைமன் அடுத்த வாரமும் வந்திருப்பான் என்பது உண்மைதானே. சவப்பெட்டியை முன்பக்கம் தூக்கியது நான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஜென்சி வந்தாள். அவள் தம்பி டேனி அதே வேலைக்கு இறங்கப்போகிறானாம், சைமனின் சாமான்களைச் சரிசெய்து தரமுடியுமா என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் ஒண்ணாச் சொமந்துட்டு வராதம்மா. ஒவ்வொண்ணாக் கொண்டா" என்றேன்.

முதலில் சுத்தியல் கொண்டுவந்தாள். பிறகு நீளமான ஸ்குரூடிரைவர். சைமன் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடவை நான் டீ போட உள்ளே போயிருந்தபோது, மேஜைத் தட்டில் கிடந்த அந்தச் சிவப்பு உறைகளைப் பார்த்துவிட்டாள். கடையில் பேரம் பேசி வாங்கினவள், அடையாளம் தெரியாமலா போகும். திரும்பி வந்து பார்த்தால் ஆளும் இல்லை, உறையும் இல்லை. இரண்டு டம்ளர் டீயையும் நானே குடித்தேன்.

அவள் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நான் சைமனைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவன்மேல் எனக்கு இருந்த பிரியத்தையும் ஒரு வரி எழுதுங்கள்.

இன்னொன்று. டேனியும் நல்ல பேச்சுக்காரன் என்று ஜென்சி சொன்னாள். ஜென்சி என்னிடம் விட்டுப்போன அந்த ஸ்குரூடிரைவரின் பழைய உறையைக் கழற்றிவிட்டு மெல்லிசாகப் பூசி வைத்திருக்கிறேன். இந்நேரம் காய்ந்திருக்கும். அவனையே நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.