சத்தம் அதிகமான மெஷின்

மெஷின் ரம்பம் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதைக் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன், ஐயா. விழுப்புரத்தில் பம்புசெட் விற்கும் கடையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. இரண்டும் சீமைச் சரக்கு. ஒன்று எடை குறைவு, சத்தமும் குறைவு. மற்றதைத் தூக்கினால் தோள் இறங்கும். ஓட்டிக் காட்டியபோது தெருவில் போன வண்டிமாடு மிரண்டது.

கூட வந்தவன் அப்பாதுரை, என் மனைவி வீரம்மாளின் தம்பி. பதினெட்டு வருஷம் ஒரே ரம்பத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தவர்கள் நாங்கள். அவனுக்குப் பாம்புச் செவி. சாய்வதற்கு முன் மரம் உள்ளுக்குள் ஒரு முனகல் விடும். எனக்கு அது கேட்பதற்குள் அவன் "வுடு மாமா" என்பான். இருவரும் பிடியை விட்டு ஒதுங்குவோம். அவன் தயவில்தான் நான் இத்தனை நாள் உயிரோடு இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

காண்டிராக்டர் பாண்டுரங்கன் கெட்டவர் அல்ல. திண்டிவனம் ரோட்டை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டும் வேலையை எடுத்திருந்தார். "மெஷினுக்கு ஒரு ஆளு போதும்பா. ஒரு மாசம் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுங்க. அப்புறம் ஒருத்தரை வெச்சிக்கிறேன்" என்று சொல்லித்தான் மெஷின் வாங்கப் பணம் கொடுத்தனுப்பினார். யாரை வைத்துக்கொள்வார் என்று சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயது. கையகல நிலம் கிடையாது. ரம்பத்தைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பிழைத்ததில்லை.

கடையில் அப்பாதுரை சொன்னான்: "சத்தம் கொறச்சலா கீறதையே எடுத்துக்கலாம் மாமா. மரம் பேசறது காதுல வுழணும்."

"வேலை ஜல்தி ஆவணும்னா பெருசுதான்டா" என்றேன். என் பேச்சை அவன் தட்டமாட்டான். அந்தச் செவிக்கு வேலை இல்லாமல் போனால் இருவரும் சமம் என்றுதான் அப்போது நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

இருபது நாளில் மெஷின் அவன் சொன்னபடி கேட்டது. என் கையில் முரண்டு பிடித்தது. கத்தினால் காதில் விழாது என்பதால் ஓர் ஏற்பாட்டையும் அவனே செய்தான்.

"மெஷின் ஓடிக்கினு இருந்தா மரம் நிக்குதுன்னு அர்த்தம். சாயப் போவும்போது நிறுத்திடு மாமா. சத்தம் நின்னா நான் ஓடிடறேன்."

நிறுத்த ஒரு விரல் போதும்.

இருபத்தேழாம் நாள் என் முறை. மயிலம் போகும் பிரிவுக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டுப் புளி. கழித்துப் போட்ட கிளைகளுக்கு நடுவே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பாதுரை சுள்ளி கட்டினான். எங்கள் தொழிலில் சுள்ளியெல்லாம் மரம் வெட்டுகிறவனுக்குச் சொந்தம். அன்று அவன் கட்டியது அவன் அக்காவின் அடுப்புக்கு. மெஷின் ஓடும்வரை பயமில்லை என்ற தைரியம் அவனுக்கு. ரம்பம் முக்கால் பங்கு இறங்கியபோது கைப்பிடியில் மரத்தின் நடுக்கம் தெரிந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக அவனுக்கு முன்னால் நான் அறிந்தேன். விரல் விசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அழுத்தவில்லை. மரம் அவன்மேல் விழுந்து அடங்கிய பிறகுதான் நிறுத்தினேன்.

நான் அழுதது பொய்யில்லை, ஐயா. அவனைப் போல ஒருவன் எனக்கு இனிக் கிடைக்கமாட்டான்.

மெஷின் என்னிடமே தங்கியது. காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் வீரம்மாள், "இவரு தொண்டை கிழியக் கத்திக்கீறாரு. பாவி, அவன் காதுல வுழல" என்று சொல்லிச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நான் கத்தினேன் என்று அன்றைக்கு நீங்கள் எழுதிக்கொண்டது உண்மைதான். அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கவேண்டாம். ரோட்டில் நின்ற பத்துப் பேரும் என் வாய் திறந்ததைப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கத்தான் கத்தினேன்.