கண்ணைக் கட்டிக் குடித்த சோடா

சோடாவை அவசரமாகக் குடிக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் சார். மேசையில் இருந்த பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டீர்கள். பரவாயில்லை, உங்கள் வேலை அப்படி.

'ஊருக்கு ஒரு மடக்கு' என்று வாரப் பத்திரிகையில் நான் எழுதும் பத்தியைப் படித்திருப்பீர்கள். பெரிய கம்பெனிச் சரக்கை நான் தொடுவதில்லை. எங்கோ மூலை முடுக்கில் யாரோ கொட்டகை போட்டு அடைத்து, அந்த ஊர்க்காரர்கள் மட்டும் முகம் சுளிக்காமல் குடிக்கிற விசித்திரங்கள்தான் என் துறை. வெள்ளரிக்காய் சோடா, மரப்பட்டையை ஊறவைத்த கறுப்புப் பானம், பூண்டு சோடா. பூண்டு சோடாவை 'சண்டை முடிந்து கிடைத்த முத்தம்' என்று எழுதியதும் வாசகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

அதைச் சொன்னவன் என் மனைவியின் தம்பி. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் நாக்கு செத்துவிட்டது. பூண்டும் ஒன்றுதான், பச்சைத் தண்ணீரும் ஒன்றுதான். பத்தியை நிறுத்தலாமே என்று மனைவி கேட்டாள். பெயர் எடுத்த மனிதனிடம் கேட்கிற கேள்வியா அது? அவன் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து சுவைப்பான், நான் எழுதுவேன். பல் டாக்டரிடம் உதவியாளனாக இருந்தான். பகல் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தவனுக்குத் தன் வாயைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பெயரைப் பார்த்துவிட்டால் நாக்கு பொய் சொல்லும் என்பான். அதனால் துண்டால் கண்ணைக் கட்டிக்கொள்வான். நான் லேபிளைக் கிழித்துவிட்டு ஊற்ற வேண்டும்.

"வாய் தவறிக்கூட என்னன்னு சொல்லிடாதீங்க மாமா. அப்புறம் நான் குடிச்சு என்ன பிரயோஜனம்? கடலை மட்டும் இல்லாம பாத்துக்கோங்க, போதும்."

நிலக்கடலை அவனுக்கு ஆகாது. சின்ன வயதில் ஒரு பிடி தின்று ஆஸ்பத்திரியில் கிடந்தவன். அன்றிலிருந்து அவசரத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு மருந்து ஊசியைப் பையிலேயே வைத்திருப்பான். ஆனால் சொல்லக் கூடாது என்ற விதியைப் போட்டது அவன். அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு பானக் கண்காட்சியில் என் பத்திரிகை ஆசிரியர் அவனோடு பேச்சுக் கொடுத்திருக்கிறார். மறுநாளே வந்து நின்றான்.

"மாமா, இனிமே என் பேர்லயே எழுதச் சொல்றாரு. தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"தப்பா எடுத்துக்க என்ன இருக்கு மாப்ளே? ரெண்டு பேரும் சேர்ந்து கடைசியா ஒண்ணு பண்ணிடுவோம்."

எனக்கு வயிறு எரிந்தது. உங்களிடம் மறைக்கவில்லை. என் வார்த்தைகளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான், அதற்கு என்னிடமே அனுமதி கேட்கிறான்.

ஒரு மலையோர ஊரில் நிலக்கடலையை வறுத்து அரைத்து ஒரு சோடா செய்கிறார்கள். பால் மாதிரி வெளுத்திருக்கும். நெடுநாளாக அதன் சுவை எனக்குப் புதிராக இருந்தது. வரவழைத்தேன். மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவன் கண்ணைக் கட்டிக்கொண்டு மோந்து பார்த்தான்.

"என்ன மாமா, வறுத்த வாசனை வருது?"

"சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

சிரித்தான். என்னை அவ்வளவு நம்பினான். குடித்துவிட்டு, "ஈர மண்ணு. அதுக்கு மேல சூடா ஒரு இஸ்திரிப் பெட்டி" என்றான். இப்படி ஒரு வரி எனக்கு ஆயுசுக்கும் வராது. உதடு வீங்கித் தொண்டையைப் பிடித்துக்கொண்டபோது, குடித்தபின் நாக்கில் என்ன தங்குகிறது என்று கேட்டேன். அது இல்லாமல் பத்தி நிறைவு பெறாது.

தெரிந்துதான் கொடுத்தேன். செத்துப்போவான் என்றும் தெரியும். அவனுடைய மருந்து ஊசியைப் பையிலிருந்து எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதும் நான்தான். சமையலறையில் தேவையில்லாத சாமான் கிடந்தால் எனக்குப் பிடிக்காது. பத்தி இந்த வாரம் வந்துவிட்டது. நான் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது என்கிறார்கள். மனைவி இன்னும் படிக்கவில்லை.

கடைசியில் அவன் கண்கட்டைப் பிய்த்துப்போட்டு என் பக்கம் கையை நீட்டினான். ஊசிக்காக என்கிறீர்கள். அவனை அவ்வளவு மட்டமாக நினைக்காதீர்கள், சார், அவன் கலைஞன். இன்னொரு மடக்கு கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. கிளாசை நிரப்பி அவன் கையில் கொடுத்தேன்.