திருப்பித் தொங்கவிட்ட பீடத்துணி

மதிப்பிற்குரிய போதகர் லோரிமர் அவர்களே, சபை மூப்பர்களே, மீன்துறையிலிருந்து கவிச்சி மாறாத கைகளோடு வந்திருக்கும் சகோதரிகளே,

நம் பூத்தையல் ஆசிரியை இஷ்பெல் கார்கில் அம்மையாரை நேற்று மண்ணுக்கு ஒப்புக்கொடுத்தோம். இன்று காலை சபைக் குழுவின் கடிதம் வருகிறது: ஆசிரியை இல்லை, ஆகவே வகுப்பும் இல்லை, சனிக்கிழமைக்குள் ஆலயத்தின் பக்க அறையைக் காலி செய்க. அழுவதற்காக எழுந்தவன், வழக்காட நிற்கிறேன்.

கிளாஸ்கோவில் ஓவியம் பயின்றவர் சீமாட்டிகளுக்குக் கற்பித்திருக்கலாம். அவர் தேடி வந்தது யாரை? ஹெரிங் மீனைக் கீறிக் குடலெடுக்கும் உங்களை. கத்தி கிழித்து, உப்பு அரித்து, விரலெல்லாம் துணிச்சுற்று.

"எங்களுக்குக் கத்திதான் தெரியும் டீச்சர். ஊசி புடிச்சா சீமாட்டிங்க சிரிப்பாங்க" என்றார் உங்களில் ஒருவரான எஃபி மெயர்.

"சிரிக்கட்டுமே. அவங்க ஒரு மீனை அறுத்துக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்."

துணிச்சுற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை அவர். சுற்றிய விரலுக்குப் பிடிபடும் பருத்த ஊசியையும் கம்பளி நூலையும் கொடுத்தார். தைத்தவர் தம் பெயரைத் துணியின் பின்புறம் தைத்தே தீரவேண்டும் என்பது அவர் வகுப்பின் சட்டம்.

பதினான்கு பெண்கள் இரண்டு குளிர்காலம் உழைத்து, பிரசங்கபீடத்துக்கு ஒரு துணி தைத்தார்கள். அதில் என்ன இருந்தது? துணி சுற்றிய கைகள். ஆலயத்தில் உருவமா என்று மூப்பர்கள் கொதித்தோம். வெறுமையென நான் நினைத்த பின்புறம் தெரியத் திருப்பித் தொங்கவிடுவோம் என்று தீர்மானம் கொண்டுவந்த மூடன் யார்? நான்தான்.

"தாராளமா திருப்பிப் போடுங்க மூப்பரே" என்றார் அம்மையார்.

ஞாயிறன்று போதகரின் மார்புக்குக் கீழே பதினான்கு பெயர்கள். பிரசங்கத்தை யார் கேட்டார்கள்? சபையே அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தது. வாசலில் எஃபி என்னை மறித்தார். "மூப்பரே, கைதான் ஆகாதுன்னீங்க. எங்க பேரு பரவாயில்லையா?"

வீட்டுக்குப் போய் வேதத்தைத் திறந்தேன். ஆசரிப்புக் கூடாரத்துத் திரையில் கேரூபீன் எனும் வானதூதரின் உருவங்களைச் செய்யக் கட்டளையிட்டவர் யார்? தையற்காரரின் உள்ளத்தை ஞானத்தால் நிரப்பியவர் யார்? நாற்பது ஆண்டு வாசித்தும் என் கண்ணில் படாத வரிகள்! மறு ஞாயிறு என் கையாலேயே துணியை நேராக்கினேன்.

ஆசிரியை மறைந்தால் வகுப்பு மறைய வேண்டுமா? வழிநடத்திய மோசே மலையில் மரித்தார்; ஜனங்கள் யோர்தானைக் கடக்காமலா நின்றார்கள்? குழுவிலிருக்கும் என் சகோதரரே, அறை காலியாகாது. வியாழன் மாலை ஆறு மணிக்கு எஃபி மெயர் பாடம் நடத்துவார். கதவு பூட்டியிருந்தால் ஆலயப் படிகளில் அமர்வோம். மழை வரும், வரட்டும். புதிய மாணவனாக முதற்படியில் நான் இருப்பேன். என்னை எழுப்ப விரும்புகிறவர் நேரில் வந்து எழுப்பட்டும்.