பக்கம் பதினான்கில் ஒரு திருத்தம்

முப்பத்தொன்பது வயது வரை எனக்குப் புல்லைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பச்சையாக இருக்கும், மாடு தின்னும், அவ்வளவுதான். நீங்கள் விசாரணை அதிகாரி என்பதால் இதை முதலிலேயே ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

நான் வந்திருப்பது என் தங்கை கணவரின் முழங்கால் விஷயமாக. பந்துக்குக் காத்திருக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பதால் ரசிகர்கள் அவரைக் கொக்கு என்று கூப்பிடுவார்கள். எனக்கு மாப்பிள்ளை.

உங்கள் கால்பந்து லீக்கில் சம்பள உச்சவரம்பு வருவதற்கு முன்னால் ஒரே பணக்கார அணி ஆறு வருடம் தொடர்ந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. கடைசி இடத்து அணியின் ரசிகர்கள் இடைவேளையிலேயே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி போட்டீர்கள். நல்ல விதி. அந்த விதி வராவிட்டால் எனக்கு வேலையே கிடைத்திருக்காது.

மாப்பிள்ளை கேட்ட சம்பளம் வரம்புக்குள் அடங்கவில்லை. கிளப் மேனேஜர் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, டீயை ஆறவிட்டு யோசித்தார்.

“விளையாடறவங்களுக்குத்தான் வரம்பு. மத்த ஸ்டாஃபுக்குக் கிடையாது,” என்றார் மெதுவாக. “வீட்ல யாராவது சும்மா இருக்காங்களா?”

தங்கை என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். மேனேஜரும் அவர்கள் பார்த்த திசையிலேயே பார்த்தார்.

மறுவாரம் நான் புல்வெளி ஆலோசகர். சம்பளத்தில் கால் பங்கு எனக்கு, மீதி தங்கை வழியாக மாப்பிள்ளைக்கு. எனக்கென்று ஓர் அறை, சுழல் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை. முதல் நாள் மைதானக்காரர் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, “சார், புல்லு எந்த உயரத்துல வெட்டட்டும்?” என்று கேட்டார். பத்தொன்பது வருடமாக அந்த மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர்.

“போன வாரம் மாதிரியே,” என்றேன்.

“அதான் சார் கரெக்ட்,” என்று போய்விட்டார்.

லீக்கின் ஆண்டுக் கூட்டத்தில் எங்களுக்குத் தனி மேசை போட்டிருந்தார்கள். ஒரு கோல்கீப்பரின் மாமனார் விசில் ஒலி நிபுணர். அவருக்குக் காது கேட்காது. இன்னொரு வீரரின் சித்தி மூலைக்கொடிகளுக்குப் பொறுப்பாளர். எல்லா அணியிலும் ஏறக்குறைய இதே எண்ணிக்கையில் உறவினர்கள் இருந்ததைக் கவனித்தேன். நான்கு வருடத்தில் நான்கு அணிகள் கோப்பை வாங்கியதற்கு உங்கள் வரம்புதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. மச்சான்களைச் சமமாகப் பங்கிட்டதுதான் காரணம் என்பது எங்கள் மேசையின் அபிப்பிராயம்.

மற்றவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்கினார்கள். என்னால் முடியவில்லை. புத்தகங்கள் வாங்கிப் படித்தேன். மண்ணைக் கையில் பிசைந்து ஈரம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். தினமும் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு, எந்த வீரர் எங்கே காலை ஊன்றுகிறார், எங்கே புல் நசுங்குகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்தேன். அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒருநாள் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

நான்காவது வருடக் கடைசியில் வேறோர் அணி மாப்பிள்ளையைக் கூப்பிட்டது. அங்கே ஏற்கெனவே பெரிய ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். இவரும் போனால் மற்ற அணிகள் கோப்பையை மறந்துவிட வேண்டியதுதான். இது நியாயமா என்று சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

“நியாயம் கெடக்கட்டும் மச்சான். எங்க அப்பாவுக்கு அங்க வேலை தர்றாங்க. பார்க்கிங் ஆலோசகர்,” என்றார் மாப்பிள்ளை.

“எனக்கு?”

“அங்க புல்லுக்கு வேற யாரோட சித்தப்பாவோ இருக்காராம். உங்களுக்கு டிக்கெட் கவுன்டர்ல ஏதாவது பாக்கலாம்.”

“நான் போனா இந்த மைதானத்தை யாரு மாப்ள பாத்துக்குவா?”

அவர் சோற்றில் கையை வைத்தபடியே சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அவர் கெட்டவரே இல்லை. “மச்சான், நீங்க நெஜமாவே புல்லு பாத்துக்கறதா நெனச்சுக்கிட்டீங்களா?”

தங்கையும் சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அந்த அணியின் மருத்துவப் பரிசோதனைக்கு ஒன்பது நாள் இருந்தது. பெனால்ட்டி புள்ளி நகராது. அதனால் மாப்பிள்ளையின் இடது கால் எப்போதும் அதற்கு ஒரு சாண் பக்கத்தில், ஒரே இடத்தில்தான் விழும். வடக்கு கோல் பக்கம் அவர் ஒருவர்தான் பெனால்ட்டி பழகுவார். இதெல்லாம் என் நோட்டில் இருந்தது.

மைதானக்காரர் சாப்பிடப் போன நேரத்தில், கத்தியால் அந்த இடத்துப் புல்லை மண்ணோடு வட்டமாகப் பெயர்த்தேன். அடியில் இருந்த மண்ணை இரண்டு தம்ளர் அளவு அள்ளினேன். மெல்லிய குச்சிகளைக் குறுக்கே வைத்து, புல்லை மூடிபோல மேலே பொருத்தி, ஓரங்களில் தண்ணீர் தெளித்தேன். முட்டி போட்டுப் பார்த்தாலும் இணைப்பு தெரியாது. ஆலோசகராக இருந்த நான்கு வருடத்தில் அந்த மைதானத்தில் என் கையால் முதல் வேலை. சுத்தமாக வந்தது.

ஒரு மாதச் சுளுக்கைத்தான் நான் கணக்கிட்டிருந்தேன். பரிசோதனையில் தவறினால் ஒப்பந்தம் போய்விடும், எல்லோரும் இருந்த இடத்தில் இருப்போம், லீக்கும் சமநிலையில் இருக்கும். ஆனால் அவர் அன்று ஓடிவந்த வேகம் அதிகம். கால் உள்ளே போனது, உடம்பு போகவில்லை. முழங்கால் ஜவ்வு அறுந்தது. இனி ஆட முடியாது என்று மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

“நீ பக்கத்துலதானே இருந்த, எப்படிண்ணா விழுந்தாரு?” என்று தங்கை ஆஸ்பத்திரியில் கேட்டாள்.

“விளையாட்டுன்னா நாலு அடி படத்தாம்மா செய்யும்,” என்றேன்.

நான் நன்றி கெட்டவன் இல்லை. அவரைக் குளியலறைக்குத் தூக்கிப் போவது நான்தான். ராத்திரி கால் வலித்தால் எழுந்து பிடித்துவிடுவதும் நான்தான். “நீங்க மட்டும் இல்லன்னா என் கதி என்ன மச்சான்,” என்று போன வாரம்கூட அழுதார். அவர் ஆடாததால் அந்தப் பருவத்தில் கோப்பை யாருக்கு என்பது கடைசி ஆட்டம் வரை தெரியவில்லை. அதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

பிறகு உங்கள் அறிக்கை வந்தது. பராமரிப்புக் குறைவால் நிலம் தானாக உள்வாங்கியது என்று எழுதி, மைதானக்காரரை வேலையைவிட்டு அனுப்பினீர்கள். சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

“அந்த இடத்துல குழி விழ சான்ஸே இல்ல சார். மேல இருக்கறவங்களுக்குப் புரியாது. புல்லு தெரிஞ்சவர் நீங்க, நீங்களாவது சொல்லுங்க.”

“பாக்கறேன்,” என்றேன்.

புல் தெரிந்தவர் என்று என்னை ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க மனது நிறைவாக இருந்தது. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

போன திங்கட்கிழமைதான் அறிக்கையை முழுதாகப் படித்தேன். பதினான்காம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘புல்வெளி ஆலோசகர் பதவி பெயருக்குத்தான். அதில் இருந்தவர் மைதானத்தில் எந்த வேலையும் செய்ததாகத் தெரியவில்லை.’

மாப்பிள்ளையின் கால், அந்த மனிதரின் பிழைப்பு, எல்லாவற்றையும் மென்று விழுங்கிவிட்டேன். இது தொண்டையிலேயே நிற்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குழி தானாக விழவில்லை. இடம் பார்த்தது, அளவெடுத்தது, வெட்டியது, மூடியது எல்லாம் நான், நான் ஒருவனே. கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். அந்த வரியை மட்டும் இன்றைக்கே அடித்துவிடுங்கள்.